செகண்ட் ஷிப்ட்

பார்வதி தென்காசிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி நெய்வேலி குவார்ட்டர்ஸுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் 'ஷிப்ட்' என்ற சொல் அவள் நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது. பால் வாங்க ஒரு ஷிப்ட், பாத்திரம் கழுவ ஒரு ஷிப்ட். புருஷன் கேலி செய்து பார்த்தார், அவள் விடுவதாயில்லை.

அவளும் பிளாக் பெண்கள் சிலரும் சேர்ந்து, பக்கத்துக் கிராமமான வடக்குத்துப் பெண்பிள்ளைகளுக்குச் சமுதாயக் கூடத்தில் இலவச டைப் வகுப்பு தொடங்கினார்கள். மெஷின் இரண்டே இரண்டு. எஸ்.எஸ்.எல்.சி. முடித்து வீட்டோடு கிடந்த அம்சவல்லிக்கு ஓர் இடம் கிடைத்தது. டைப் தெரிந்தால் ஆபீஸ் வேலைக்கு மனு போடலாம். இல்லாவிட்டால் தை பிறந்ததும் மாமன் மகனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டியதுதான்.

"உன்னை செகண்ட் ஷிப்ட்ல போட்டிருக்கேன். திங்கக்கிழமை வந்துரு" என்று சொல்லி அனுப்பினாள் பார்வதி.

அம்சவல்லி வரவில்லை. பார்வதி ஒரு வாரம் பார்த்துவிட்டு, "நல்லது செய்யப் போனா நம்மளத்தான் சொல்லணும்" என்று சலித்துக்கொண்டு அந்த இடத்தைக் கனகம் என்ற பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாள். சலிப்பில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. நல்லது செய்கிறவர்களுக்கு அது வருவதுண்டு.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வடக்குத்துக்கே கிளம்பிப் போனாள். அவளைப் பார்த்ததும் அம்சவல்லி உள்ளே போய்விட்டாள். அழுது முகம் வீங்கியிருந்தது. மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் அப்பா ராஜாங்கம், கயிற்றுக் கட்டிலிலிருந்து எழுந்து நின்றார்.

"தப்பா நெனச்சிக்காதீங்கம்மா. பொட்டப் புள்ளைய ராத்திரி பத்து மணி வரைக்கும் எப்படிங்க வுடறது?"

"பத்து மணியா? யார் சொன்னா?"

"நீங்கதான் செகண்ட் ஷிப்ட்டுன்னு சொன்னீங்களாமே."

மதியம் இரண்டுக்கு ஏறி ராத்திரி பத்துக்கு இறங்கும் ஷிப்டை வருஷக்கணக்காகப் பார்த்தவர் அவர். அம்சவல்லியும் அந்த வீட்டுப் பிள்ளைதானே. பார்வதிக்கு முகம் சுருங்கிப் போயிற்று.

"அது சாயங்காலம் நாலு மணி வகுப்புங்க. அஞ்சுக்கு முடிஞ்சிரும். ரெண்டாவதா வர்றதால அப்படிச் சொல்லிட்டேன்."

"அப்ப நாளைக்கே அனுப்புறேங்க."

"இடத்தை வேற பிள்ளைக்குக் குடுத்துட்டேனே."

உள்ளே பாத்திரம் ஒன்று ணங்கென்று தரையில் விழுந்தது. ராஜாங்கம் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"மூணாவது ஷிப்ட் இருந்தாலும் சொல்லுங்கம்மா. நானே கூட்டியாந்து வுடறேன். ராத்திரி பூராவும் வாசல்லயே குந்திகினு இருக்கேன்."

அப்படி ஒரு வகுப்பு கிடையாது. கூடத்துச் சாவி மட்டும் பார்வதியிடம் இருந்தது.

"இருக்கு" என்றாள். இந்தத் தடவை மணியையும் சொன்னாள்.

"காலைல ஏழு மணி."