பட்டனுக்குக் கீழே இருந்த நம்பர்

மெத்தை விற்கும் அந்த வெப்சைட்டை ரேடியோ சும்மாதான் திறந்தாள். திறந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அது அவள் போட்டுக் கொடுத்த பக்கம். வரிகள் அவளுடையவை, வாங்குவதற்கு அழுத்தும் பட்டன் அவள் வைத்த இடத்தில் இருந்தது, மெத்தை என்றைக்கு வீட்டுக்கு வந்து சேரும் என்பதை விலைக்கு மேலே தூக்கி வைத்ததும் அவள் யோசனைதான். போன மாசம் வேலை கேட்டுப் போனவளை, இல்லை என்று சொல்லி இதே கம்பெனிதான் திருப்பி அனுப்பியிருந்தது.

ரேடியோ என்பது வீட்டில் வைத்த பெயர். வாயைத் திறந்தால் மூடத் தெரியாது. அந்த வாயை வைத்துத்தான் வாஷிங் மெஷின் ரிப்பேர் கம்பெனி ஒன்றில் போனெடுத்துக்கொண்டு காலத்தை ஓட்டினாள். காதில் ஹெட்செட், நாள் முழுக்க யார் யாரோ வாங்கி வைத்த மெஷினுக்கு இவள் திட்டு வாங்க வேண்டும். ஒரு நாள், போதுமடா சாமி என்று அதை விட்டுவிட்டுப் புதுத் தொழில் படித்தாள். கன்வர்ஷன் என்பார்கள். கடைக்கு வந்து பார்த்துவிட்டுச் சும்மா போகிறவனை வாங்க வைப்பதுதான் விஷயம், என்ன, கடை போனுக்குள் இருக்கிறது. ஆள் எந்த இடத்தில் தயங்குகிறான், எதைப் பார்த்து ஓடுகிறான் என்று கண்டுபிடித்துப் பக்கத்தை மாற்ற வேண்டும். பிறகு வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் பழைய பக்கம், பாதிப் பேருக்குப் புதுப் பக்கம் என்று காட்டி, எதில் அதிகம் பேர் வாங்குகிறார்கள் என்று பார்க்க வேண்டும். அதற்கு டெஸ்ட் என்று பெயர்.

"நல்லா இருந்த வேலைய விட்டுட்டு, வீட்ல உக்காந்து பட்டனுக்குக் கலர் அடிக்கிறா" என்பாள் அண்ணி. அண்ணியின் வாய்க்கு ரேடியோவே கொஞ்சம் பயப்படுவாள்.

இன்டர்வியூ எடுத்த மெத்தைக் கம்பெனி மேனேஜர் மரியாதையாகத்தான் பேசினார். எங்கள் பக்கத்தைச் சரிசெய்து காட்டு என்று வீட்டுப்பாடம் கொடுத்தார். ரேடியோ சோறு தண்ணி மறந்து உழைத்தாள். அக்கம்பக்கத்து ஆட்களை ஒவ்வொருவராகப் பிடித்து உட்கார வைத்து, மெத்தை வாங்கச் சொல்லி, அவர்கள் விரல் எங்கே நிற்கிறது என்று பின்னாலிருந்து பார்த்தாள். அதையெல்லாம் வைத்து முழுப் பக்கத்தையும் வரைந்து அனுப்பினாள். மேனேஜர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"நல்லாத்தான்மா இருக்கு. ஆனா அனுபவம் பத்தாது. எங்கயாவது கொஞ்ச நாள் இருந்துட்டு வா."

வேலை கொடுக்க அனுபவம் பத்தாதாம், காப்பியடித்து எடுத்துக்கொள்ள மட்டும் பத்துமாம். "அவன் நல்லா இருப்பானா அண்ணி?" என்று கேட்டுக்கொண்டிருந்தபோதே போன் அடித்தது.

"மெத்தைக் கம்பெனிதானே?" என்றது ஒரு ஆண் குரல்.

ராங் நம்பர் என்று வைத்தாள். மறுபடி அடித்தது, இந்தத் தடவை ஒரு அம்மா, அதே கேள்வி. ரேடியோ வெப்சைட்டை இழுத்துக் கீழே பார்த்தாள். பட்டனுக்குக் கீழே, 'சந்தேகமா? கூப்பிடுங்க' என்று ஒரு வரி. அதன் பக்கத்தில் அவளுடைய சொந்த நம்பர். வரைந்தபோது அங்கே ஏதாவது ஒரு நம்பர் வேண்டுமே என்று போட்டு வைத்தது. புண்ணியவான் அதையும் மாற்றாமல் அப்படியே ஏற்றிவிட்டான்.

"பரிட்சையில பக்கத்துப் பேப்பரப் பாத்து எழுதினவன், பக்கத்துக்காரன் பேரையும் சேத்து எழுதின கதை" என்று அண்ணி விழுந்து விழுந்து சிரித்தாள்.

மெத்தைக் கம்பெனி ஆபீசில் ஒருவருக்கும் இது தெரியவில்லை. தன் கடைக்குத் தானே போன் போட்டுப் பார்க்கிறவன் எவன்? அது புகார் பிரிவின் நம்பர் என்று விற்பனைப் பிரிவில் இருந்தவர்களும், விற்பனைப் பிரிவின் நம்பர் என்று புகார் பிரிவில் இருந்தவர்களும் நினைத்துக்கொண்டார்கள்.

"அடுத்த போன் வந்தா, மெத்தைக்குள்ள மூட்டைப்பூச்சி இருக்குன்னு சொல்லு" என்றாள் அண்ணி.

ரேடியோவுக்கும் அதுதான் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அண்ணன் போனில் திறந்தால் இன்னும் பழைய பக்கம்தான் வந்தது; டெஸ்ட் ஓடிக்கொண்டிருக்கிறது, கூப்பிடுகிறவர்கள் எல்லாம் புதுப் பக்கத்தைப் பார்த்தவர்கள். அவர்களை விரட்டினால் டெஸ்டில் தோற்பது அவளுடைய பக்கம். எவளோ ஒரு அனுபவம் இல்லாத பொண்ணு கொடுத்த யோசனை சார், என்று மேனேஜர் கையைத் துடைத்துக்கொள்வான்.

"இல்ல அண்ணி. மொதல்ல அவன நல்லா மேல ஏத்தறேன். கீழ தள்ளறத அப்புறம் பாத்துக்கலாம்."

அன்றிலிருந்து அவள் சம்பளமில்லாமல் மெத்தை விற்றாள். கூப்பிட்டவர்களை முதலில் பேசவிட்டாள், விலையை ஒளிக்காமல் சொன்னாள், யாரையும் அவசரப்படுத்தவில்லை. முதுகுவலி மனைவிக்கு எது ஒத்துவரும் என்று கேட்ட கணவனிடம், "அவங்க மல்லாந்து படுப்பாங்களா, ஒருக்களிச்சா?" என்று விசாரித்தாள். வாசல் சின்னது, மெத்தை உள்ளே வராதே என்று கவலைப்பட்ட அம்மாவிடம், "சுருட்டித்தான்மா கொண்டு வருவாங்க, ஜன்னல் வழியாவே வாங்கிடலாம்" என்று சொல்லி அவர்களைச் சிரிக்க வைத்தாள். போனை வைப்பதற்குள் அவர்கள் பட்டனை அழுத்திவிடுவார்கள். சும்மா சொல்லக்கூடாது, அந்த வாய்க்கு ஈடு இல்லை.

மேனேஜரின் புகழ் ஏறியது. தொழில்காரர்கள் கூட்டத்தில் மேடையேறி, வாடிக்கையாளர் மனதைத் தான் படித்த விதத்தை விளக்கினான். அந்த வீடியோவை ரேடியோ ஒரு நொடி விடாமல், பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். சில நாளில் டெஸ்ட் முடிந்தது. அண்ணன் போனில், அண்ணி போனில், யார் போனில் திறந்தாலும் புதுப் பக்கம்தான் வந்தது. பழையதைத் தூக்கிக் கடாசிவிட்டார்கள்.

ரேடியோ சிம்மைக் கழற்றி மேசை மேல் வைத்தாள். அன்றைக்கு அவள் தூங்கிய தூக்கம் மாதிரி அந்த வருஷத்தில் தூங்கியதே இல்லை.

ரொம்ப நாள் கழித்து, என்னதான் ஆகியிருக்கும் என்று அரிப்புத் தாங்காமல் சிம்மைத் திரும்பப் போட்டாள். போட்ட கொஞ்ச நேரத்தில் அடித்தது.

"நான் மெத்தைக் கம்பெனி முதலாளி பேசறேன். எத்தன நாளா இந்த நம்பருக்குப் போட்டுப் பாக்கறேன். யாரும்மா நீ?"

ரேடியோ சொன்னாள். "காலைல ஆபீசுக்கு வா" என்றார்.

கண்ணாடி அறையில் முதலாளியும் மேனேஜரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். ரேடியோ நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். வீட்டுப்பாடம், நம்பர், விற்றது, கழற்றியது, எதையும் மறைக்கவில்லை. மறைப்பானேன், அவன் முகம் வெளிறுவதைப் பார்க்கத்தானே வந்தாள். அது வெளிறியது.

"நீங்க கிளம்பலாம்" என்றார் முதலாளி மேனேஜரிடம். அவர் எழுந்து போனார். காலியான நாற்காலி இனித் தனக்குத்தான் என்று ரேடியோ நினைத்துக்கொண்டாள்.

முதலாளி தன் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். மலை மாதிரி ஏறிய விற்பனைக் கோடு, அவள் சிம்மைக் கழற்றிய இடத்தில் தலைகீழாக விழுந்து கிடந்தது.

"உன் குரல் இல்லாம உன் பக்கம் பழசை விடக் கேவலமா ஓடுது."

"நம்பரைப் போட்டுட்டு யாரும் எடுக்கலைன்னா கடுப்பாகாம என்ன சார் பண்ணுவாங்க? நம்பரத் தூக்கிட்டு மறுபடி டெஸ்ட் போடுங்க. என் பக்கம் நல்ல பக்கம்."

"இருக்கலாம்மா. ஆனா டெஸ்டுக்குள்ள கைய விட்டு ஆட்டினவ நீ. டெஸ்ட் பண்ற சீட்ல உன்ன எப்படி உக்கார வெப்பேன்? நாளைக்கு என் மேல கோவம் வந்தா என்ன பண்ணுவ?"

ரேடியோ திறந்த வாயைத் தானே மூடிக்கொண்டாள். அவள் வாழ்க்கையில் அப்படி ஆனது அதுதான் முதல் தடவை. அவர் சொன்னது நியாயம் என்று தெரிந்ததுதான் அதிகம் வலித்தது.

"போன் எடுக்கற வேலைன்னா இன்னைக்கே சேந்துக்கோ. உன்ன மாதிரி இன்னொரு ஆள் கிடைக்காது" என்றார்.

"வேணாம் சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

லிஃப்டில் மேனேஜர் பையோடு நின்றிருந்தார். இருவரும் கதவைப் பார்த்தபடி இறங்கினார்கள். பாதி வழியில் அவர் தொண்டையைச் செருமினார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. போன்ல அவங்கள எப்படி வாங்க வெச்ச? எனக்கு நாளைக்கு ஒரு இன்டர்வியூ இருக்கு."

ரேடியோ அவரைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணில் முட்டிக்கொண்டு நின்ற தண்ணீர் அந்த நொடியே வற்றிவிட்டது.

"சொல்றேன் சார், அதுல என்ன இருக்கு" என்றாள் தேனொழுக. "அவங்களப் பேசவே விடக்கூடாது. விலையக் கடைசி வரைக்கும் சொல்லக்கூடாது. தயங்கினா, இன்னைக்கு வாங்கலைன்னா தீந்துடும்னு மெரட்டணும். வெப்சைட்லயும் அதையே செவப்பு எழுத்துல போடச் சொல்லுங்க."

அவர் போனை எடுத்து அவசர அவசரமாகத் தட்டினார்.

"விலையக் கடைசி வரைக்கும்... அப்புறம்?"

லிஃப்ட் கீழே வந்து கதவு திறந்தது. ரேடியோ கதவு மூடாமல் கையால் பிடித்துக்கொண்டாள். ஒரு வார்த்தை விட்டுப்போகாமல் அவர் எழுதிக்கொள்ளட்டும் என்று, மறுபடியும் முதலிலிருந்து நிதானமாகச் சொன்னாள்.