கராஜுக்குள் காற்று

எங்கள் பலாபத்வல வீட்டுக் கராஜில் வேன் நின்ற காலம் போய், ஒரு குடும்பம் குடியிருந்தது. மலை சரியும் என்று தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து வெளியேற்றப்பட்ட பிரதீபனும் அவன் மனைவி நிரோஜாவும். அவளுக்கு அப்போது நிறைமாதம். கராஜைத் திறந்துவிட்டேன், வேறென்ன செய்வது?

பெண் குழந்தை பிறந்ததும் நிரோஜாவுக்குக் காற்றைக் கண்டாலே பயம். அதைக் குறை சொல்ல முடியாது. மூத்தவனை லயத்துக் கூதலில் நெஞ்சுச்சளி கட்டி, ஒரு வயதாகும் முன்னே பறிகொடுத்தவள். இந்தப் பிள்ளையையும் காற்று கொண்டுபோய்விடும் என்றே நம்பினாள். கராஜ் ஷட்டருக்கு அடியிலோ கை நுழையுமளவு இடைவெளி. தம்புள்ளைக்குப் போகும் ஒவ்வொரு லொறியும் புகையையும் புழுதியையும் அதற்குள் தள்ளிவிட்டுத்தான் போகும்.

பிரதீபன் ஆட்டோக்காரன். பழைய ரப்பர் டியூபை நீளமாக வெட்டி, ஷட்டரின் அடியிலும் இரு பக்கமும் இறுக்கமாகப் பொருத்தினான். நான் பக்கத்தில் நின்று கத்திக்கொண்டே இருந்தேன். எனக்கு வாய் நீளம், ஊருக்கே தெரியும்.

"கீழால எவ்வளவு வேணுமெண்டாலும் அடைங்க. பின்சுவர்ல மேல ஈக்கிற காத்து ஓட்டைகள்ல மட்டும் கை வெக்க வாணாம். உள்ளுக்கு மூணு பேர் மூச்சு உடுறீங்க."

"சரிங்க முனவ்வரா மாமி, அதத் தொட மாட்டேன்" என்றான். சொன்னபடி அவன் தொடவும் இல்லை.

அந்த ஓட்டைகள் என் குசினி ஜன்னலுக்கு நேரே இருந்தன. தினமும் காலையில் குழந்தையைக் குளிப்பாட்டியதும் நிரோஜா மண்சட்டியோடு என் அடுப்படிக்கு வருவாள். சிரட்டைத் தணல் வாங்கிப்போய், சாம்பிராணி போட்டு, பிள்ளையின் தலைமுடிக்குப் புகை காட்டுவாள். கொஞ்ச நேரத்தில் அந்த வாசம் ஓட்டை வழியே வந்து என் கறிச்சட்டியில் இறங்கிவிடும். "மகள், என்ட மீனாணம் சாம்பிராணியா மணக்குது!" என்று நான் சத்தம் போடாத நாள் இல்லை. அவள் உள்ளே சிரிப்பது கேட்கும்.

அன்று விடிந்ததிலிருந்து மழை. பிரதீபன் ஆட்டோவோடு ஹயர் போய்விட்டான். சட்டியோடு வந்த நிரோஜா வழக்கத்தைவிட அதிகமாகத் தணல் கேட்டாள்.

"ஒரே கூதலா இருக்குங்க மாமி. புள்ளைக்கு கை காலெல்லாம் சில்லுன்னு கெடக்கு. சட்டிய உள்ளுக்கே வச்சிக்கிறேன்."

அள்ளிப் போட்டேன். பிறகு ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டது.

மீனைக் கழுவி, தேங்காய் துருவி, கறியை இறக்கியும் வைத்துவிட்டேன். குனிந்து மணம் பார்த்தேன். மீனும் கொறுக்காப்புளியும் மட்டுமே மணத்தன. சாம்பிராணி இல்லை. சந்தேகப்பட்டு ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். ஓட்டைகள் எல்லாம் துணியால் அடைபட்டுக் கிடந்தன.

எப்படி ஓடினேனோ தெரியாது. ஷட்டரைத் தட்டினேன், கூப்பிட்டேன், பதில் இல்லை. தூக்கப் பார்த்தேன். ரப்பர் கவ்விக்கொண்டு அசைய மறுத்தது. நடுரோட்டில் போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். மரக்கறி லொறி ஒன்று வழுக்கி நின்றது, நான் தினமும் திட்டும் லொறிகளில் ஒன்று. சிங்களத்தில் நான் கத்தியதில் பாதியைக் கேட்கும் முன்பே இறங்கி வந்த இரண்டு பேரும் ஷட்டரில் கை வைத்துவிட்டார்கள்.

உள்ளே தணல் இன்னும் சிவந்திருந்தது. நிரோஜா கட்டிலோரம் விழுந்து கிடந்தாள். அவள் மார்பில் பிள்ளை துவண்டு கிடந்தது. அதை வாரிக்கொண்டு வெளியே வந்தேன். நிரோஜாவை லொறிக்காரர்கள் தூக்கி வந்தார்கள். எந்தக் காற்றுக்குப் பயந்து மறைத்து வைத்திருந்தார்களோ, அந்தக் காற்றிலேயே பிடித்துக்கொண்டு, "அழு மகள், அழு" என்று நான் அழுதேன். மெல்ல ஒரு இருமல். அதன் பிறகு அழுகை. பிள்ளை அழுது நான் அப்படிச் சந்தோஷப்பட்டதே இல்லை.

லொறியிலேயே மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இருவரும் பிழைத்தார்கள். காற்றுப் போக வழியில்லாத அறையில் தணல் இருந்தால் அதன் நஞ்சு மணம் காட்டாமலே ஆளைக் கொன்றுவிடும் என்று, சேதி கேட்டு ஓடி வந்த பிரதீபனுக்கு டாக்டர் விளக்கினார்.

வீட்டுக்கு வந்து ஏணி வைத்து ஏறி, ஓட்டைகளில் இருந்த துணிகளை இழுத்தேன். ஒரு குட்டிச் சட்டை வந்தது. அடுத்ததில் கம்பளித் தொப்பி. அதற்கடுத்து ஒரு சோடிக் காலுறை. எல்லாம் மூத்தவனுடையவை. லயத்தை விட்டு இறங்கும்போது நிரோஜா நெஞ்சோடு அணைத்து வந்த மூட்டை அதுதான். துவைக்க மனம் வராமல் மடித்து வைத்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவள் கையில் கொடுத்தேன்.

"அவன் தங்கச்சிய அவனே பாத்துக்குவான்னுதான் வச்சேங்க மாமி" என்றாள்.



மறுநாள் காலையில் சட்டியோடு வந்து நின்றாள். இரண்டே துண்டுத் தணல் போட்டு, "ஷட்டரத் தூக்கி உடுங்க. புகை காட்டினதும் சட்டி வெளிய வரணும்" என்றேன். அவள் போனதும் ஜன்னலடியில் நின்றுகொண்டேன். அடுப்பில் கறி கொதித்தது. நான் கிண்டவில்லை.

"மாமி, வாசம் வருதுங்களா?" என்று உள்ளேயிருந்து குரல் கேட்டது.

"வருது மகள்" என்றேன். "நல்லா வருது."