மாதா கிரீடத்துக்குப் பத்து சவரன்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். பம்மலில் என்னிடம் ரவிக்கை தைக்கக் கொடுக்கிற எல்லாருக்கும் இது தெரியும். அளவு ரவிக்கை கொண்டுவராமல், "நீயே பாத்துத் தெச்சுடு ஞானம்மா" என்று சொல்கிறவர்களை வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவேன். அரை அங்குலம் என்றால் அரை அங்குலம்தான். இப்படி அளவு பேசியே பேர் வாங்கிய நான், எண்பத்தெட்டாம் வருஷம் ஊர் பார்க்க அளவில் கோட்டைவிட்டேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. சொல்லப்போனால் அதை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்புதான் வருகிறது.

எங்கள் மாதா கோவிலில் செப்டம்பர் எட்டாம் தேதி திருவிழா. தேரில் வருகிற மாதாவுக்கு அதுவரை ஜிகினா ஒட்டிய அட்டைக் கிரீடம்தான். தூறல் விழுந்தால் ஜிகினா கரைந்து மாதாவின் கன்னமெல்லாம் மினுமினுக்கும். ஜூன் மாதக் கூட்டத்தில், "இந்த வருஷம் தங்கத்துல போடுவோம், வூட்டுக்கு வூடு கொஞ்சம் கொஞ்சமா வாங்குவோம்" என்று நான்தான் வாயை விட்டேன். மாதர் சங்கத்துக்கு நான் செயலாளர்.

கோவில் கமிட்டித் தலைவர் சவுரிமுத்து அண்ணன் சிரித்தார். அவருக்குச் சொந்தமாக இரண்டு லாரி உண்டு. அந்த இரண்டு லாரியும் அவர் பேச்சில் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும்.

"தங்கம் இன்னா தக்காளியா, பொம்பளைங்க கூடையில வாரிக்கினு வர்றதுக்கு? பேஜாராப் பூடும். கமிட்டி கையில வுட்டுடுங்க" என்றார்.

"கழட்டிக் குடுக்கப்போறது பொம்பளைங்க தானே அண்ணா. நாங்களே பாத்துக்கறோம்."

"நல்லா பாத்துக்க. ஒரு கிராம் கொறஞ்சாலும் நீதான் பதில் சொல்லணும். பதில் இல்லன்னா சங்கத்துப் பெட்டி சாவிய எங்ககிட்ட குடுத்துடணும். சரின்றியா?"

சரி என்றேன். அந்தப் பெட்டியில் இருந்தது நாங்கள் பெண்கள் வாரம் இரண்டு ரூபாய் போட்டு ஏழு வருஷமாகச் சேர்த்தது. பிரசவம், பள்ளிக்கூட ஃபீஸ், திடீர் காய்ச்சல் எல்லாம் அந்தப் பெட்டியில்தான் நடந்துகொண்டிருந்தன. அதைப் பணயம் வைத்துவிட்டோமே என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. ஆனால் சொன்ன சொல்லைத் திருப்பி வாங்க எனக்கு வராது.

தெருமுனை அடகுக்கடையில் ஒரு பழைய தராசை இரவல் வாங்கினேன். ஒற்றைக் கம்மல், அறுந்த சங்கிலி, பிள்ளைகள் வளர்ந்ததால் பத்தாமல் போன மோதிரம் என்று வர ஆரம்பித்தது. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை நிறுத்துப் பெயரோடு எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மைக்கில் வாசித்தேன். இன்னார், இத்தனை கிராம்.

இங்கேதான் நான் செய்த கூத்து. எடை மைக்கில் வந்ததோ இல்லையோ, ஊரே போட்டியில் இறங்கிவிட்டது. ஒரு கிராம் கொடுத்தவள் அடுத்த வாரம் இன்னொரு கிராமோடு வந்தாள். பொன்னியம்மாள் கொடுத்த ஜிமிக்கி ஒன்றரை சவரன் என்று வாசித்ததும், அவள் கோவிலை விட்டு வெளியே போவதற்குள் நாலு பேர் அவளை நிறுத்திப் பேசினார்கள். சவுரிமுத்து அண்ணன் ஒரு மோதிரத்தைப் பஞ்சில் சுற்றிக் கொண்டுவந்தார். திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் போடுகிற மோதிரம். "எட்டு கிராம். மாமனார் போட்டது. நல்லா சத்தமாப் படி" என்றார். இரண்டு தடவை படித்தேன்.

ஆகஸ்டு முதல் வாரத்தில் மொத்தம் எண்பத்து நாலு கிராம். பத்தரை சவரன். ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி, "மன்னிச்சுக்கோ தாயே" என்று சொல்லி, மாதாவின் தலையை இன்ச் டேப்பால் அளந்துகொண்டேன். எல்லாவற்றையும் முந்தானையில் முடிந்து, குரோம்பேட்டைக்கு பஸ் ஏறினேன்.

பொன்னுரங்கம் பத்தரின் கடை ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்தில். அவருக்கு என் வயதுதான் இருக்கும். அளவைப் பார்த்துவிட்டு, "இதுக்குப் பத்து சவரன் வேணும்மா. அதுக்குக் கொறச்சலா, மெல்லிசாப் பண்ணா தேர் குலுங்கற குலுக்கல்ல நசுங்கிடும்" என்றார்.

"பத்தரை கீது" என்று முடிச்சை அவிழ்த்தேன்.

அவர் ஃபேனை நிறுத்தினார். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த தராசில் எல்லாவற்றையும் கொட்டி நிறுத்தார். எண்பத்து நாலு. "பாத்தீங்களா" என்றேன், பெருமையாக. அவர் கறுப்பு உரைகல்லை எடுத்து, ஒவ்வொரு நகையாக ஒரு கோடு இழுத்து, அமிலம் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். சில கோடுகள் அப்படியே நின்றன. சில மங்கின. ஒன்றிரண்டு பச்சையாகப் பொங்கின. நகைகளை மூன்று குவியலாகப் பிரித்தார். சவுரிமுத்து அண்ணன் மோதிரத்தை மட்டும் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்து, தனியாக வைத்தார்.

"யம்மா, இதுல கீறதெல்லாம் தங்கம் இல்ல."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "நான் ரெண்டு தடவ நிறுத்தேன். நீங்களும் இப்ப நிறுத்தீங்க. எண்பத்தி நாலு வந்துச்சா இல்லியா?"

"வந்துச்சு. பால்காரன் ஒரு லிட்டர் ஊத்தறான். அளந்தா ஒரு லிட்டர்தான். அதுல பால் எவ்ளோ, தண்ணி எவ்ளோன்னு அளவு சொல்லுமா?"

அவர் நிதானமாகச் சொன்னார். ஒரு நகை இருபத்திரண்டு காரட், இன்னொன்று பதினெட்டு. குறைகிற இடத்தில் இருப்பதெல்லாம் செம்பு. பற்றவைத்த இடத்தில் தரம் இன்னும் குறையும். ஜிமிக்கிக்குள் அரக்கு, தோட்டில் கல், சங்கிலிக் கண்ணியில் வருஷக்கணக்கான அழுக்கு. தராசுக்கு எல்லாம் ஒன்றுதான்.

"சரி, உருக்கிப் பாருங்க" என்றேன். குரல் இறங்கிவிட்டது.

"இங்க நான் உருக்க மாட்டேன். கொறஞ்சா ஒன் பேரும் போவும், என் பேரும் போவும். பொருளுக்குச் சொந்தக்காரங்க எதுர்லதான் உருக்கணும். எங்க தொழில்ல அதான் மொற. அதுலயும் இந்த மோதரத்த அவர் இல்லாம நான் தொட மாட்டேன்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் முந்தானை முடிச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பத்தரை சவரன் என்று மைக்கில் சொன்னவள் நான். நடுவில் நகை இருந்ததும் என் கையில்தான். மாற்றிவிட்டாள் என்று ஒரு வாய் சொன்னால் போதும், என் பெயரும் போகும், பெட்டியும் போகும். யாரும் அப்படிச் சொல்வதற்கு முன்னால் நானே எல்லாரையும் கூப்பிட்டுவிடுவது என்று பல்லாவரம் தாண்டுவதற்குள் முடிவுசெய்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோவில் வாசலிலேயே பத்தர் கும்மட்டி அடுப்பை மூட்டினார். நகை கொடுத்தவர்கள் முன்வரிசையில், கொடுக்காதவர்கள் அவர்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டு. ஃபாதர் நாற்காலியே வேண்டாமென்று கீழே உட்கார்ந்துவிட்டார்.

முதலில் பத்தர் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் எல்லாவற்றையும் போட்டுக் கொதிக்கவிட்டார். தண்ணீர் காப்பி நிறத்துக்கு மாறியது. எடுத்துத் துடைத்து நிறுத்தால் இரண்டு கிராம் குறைவு.

"ரெண்டு கிராம் எங்க?" என்றார் சவுரிமுத்து அண்ணன், என்னைப் பார்த்து.

"தோ தண்ணியில கீது சார். மஞ்சளும் சோப்பும். வேணும்னா வடிகட்டித் தரேன்" என்றார் பத்தர். கூட்டம் சிரித்தது. என் பயம் கொஞ்சம் தணிந்தது.

அடுத்து பொன்னியம்மாளின் ஜிமிக்கி. பத்தர் இடுக்கியால் ஒரு அழுத்து அழுத்தினார். தகடு விரிந்து, உள்ளேயிருந்து கறுப்பாக அரக்கு உதிர்ந்தது. மற்ற தோடுகளின் கற்களையும் பெயர்த்துச் சேர்த்து நிறுத்தால் நாலு கிராம் போனது.

பொன்னியம்மாள் அரக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுக்கா நான் என் தங்கச்சியோட சண்ட போட்டேன்? பாக்க வெயிட்டா கீதுன்னு இத நான் புடுங்கிக்கினேன். அவளுக்கு லேசா ஒரு செயினு. ரெண்டு வருஷமா பேச்சுவார்த்த இல்ல" என்றாள். பிறகு அவளே சிரித்துவிட்டாள். "இன்னிக்கே சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போயி அவளப் பாத்து சொல்லிட்டு வரணும்."

அப்புறம் மோதிரம். பத்தர் அரத்தால் உள்பக்கம் ஒரு இழுப்பு இழுத்து, அண்ணனிடமே நீட்டினார். இழுத்த இடம் வெள்ளையாக இருந்தது.

"வெள்ளி சார். மேல தங்கம் போத்தியிருக்காங்க."

சவுரிமுத்து அண்ணனின் முகம் சிவந்தது. "நான் குடுத்தது தங்கம்" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். கூட்டமும் என் பக்கம் திரும்பியது. எதற்குப் பயந்தேனோ அதுதான் நடந்தது. எனக்குக் கோபம்கூட வரவில்லை.

"நீ குடுத்தது வெள்ளிதான்யா" என்று ஒரு குரல். அண்ணனின் மனைவி பியூலா எழுந்து நின்றிருந்தாள். "கல்யாணத்துக்கு மொத நாளு எங்கப்பா எங்கிட்ட சொன்னாரு. காசு பத்தல, வெள்ளியில பண்ணிட்டேன், அப்பால மாத்திக் குடுத்துடறேன்னாரு. மாத்தறதுக்குள்ள செத்துப்பூட்டாரு. ஞானம்மாவ ஏன் மொறச்சுகினு நிக்கற?"

"இருபது வருஷமா எங்கிட்ட ஏன் சொல்லல நீ?"

"லாரி டிரைவர்னு சொல்லித்தான எங்க வூட்ல பொண்ணு கேட்டு வந்த? கல்யாணம் ஆனப்புறம்தான் தெரிஞ்சிது, கிளீனர்னு. நான் எதுனா கேட்டனா?"

ஃபாதர்தான் முதலில் சிரித்தார். அதற்காகவே காத்திருந்த மாதிரி கோவில் வாசலே அதிர்ந்தது. அண்ணன் சிறிது நேரம் விறைப்பாக நின்று பார்த்தார். முடியவில்லை. மோதிரத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "எங்க மாமனாரு ஆளு கெட்டிக்காரரு" என்றார். பியூலா அந்த மோதிரத்தை வாங்கி அவர் விரலில் மாட்டிவிட்டாள்.

மீதியைப் பத்தர் மூசைக் கிண்ணத்தில் போட்டு, வெங்காரப் பொடி தூவி ஊதினார். கம்மலும் சங்கிலியும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து இளகி, கடைசியில் ஒரே உருண்டையாகச் சுழன்றன. சிரிப்பெல்லாம் அடங்கி எல்லாரும் அதையே பார்த்தோம். ஆறியதும் நிறுத்து, உரைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "கையில எழுபது கிராம் கீது. செம்பக் கழிச்சு இருபத்திரெண்டு காரட்டுக்கு ஏத்தினா அறுபத்தி நாலு நிக்கும். எட்டு சவரன்."

கிரீடத்துக்கு இரண்டு சவரன் குறைகிறது.

எழுந்து மைக்கைப் பிடித்தேன். "தப்பு என்னுதுதான். எடைய மட்டும் பாத்தேன். தரத்தப் பாக்கணும்னு எனக்குத் தெரியல. தெரியாமலே பத்தரைன்னு ஊருக்குச் சொல்லிட்டேன்" என்று சொல்லி, பெட்டிச் சாவியை இடுப்பிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தேன். அழக்கூடாது என்று நினைத்தேன். அழுதுவிட்டேன்.

"அதுக்கின்னா இப்ப" என்றாள் பொன்னியம்மாள். "ரெண்டு சவரனுக்காக இன்னொருவாட்டி மைக்குல பேர் படிக்காத ஞானம்மா, எங்களால ஆவாது. மாதா கையில ஒரு கொழந்த கீதே, அதுக்குப் போடு. புள்ளைக்குப் போடாம எந்த அம்மா தனக்குப் போட்டுக்குவா?"

எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தோம். பிறகு பெண்கள் பக்கமிருந்து ஒரே பேச்சு. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடி, ஸ்டூலில் ஏறி, குழந்தை இயேசுவின் தலையை அளந்தேன். ஆறரை அங்குலம்.

"நாலு சவரன் போதும். நல்ல கனமாவே பண்ணலாம்" என்றார் பத்தர்.

"மீதி நாலு?" என்றார் ஃபாதர்.

"அம்மாவுக்கு அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று பின்னாலிருந்து ஒரு ஆண் குரல். எங்கள் எல்லார் வீட்டிலும் அம்மாக்களுக்குக் கிடைக்கிற பதில் அதுதான் என்பதால் அதற்கும் சிரித்தோம்.

சவுரிமுத்து அண்ணன் மேசையிடம் வந்தார். சாவியை எடுத்தார். என் கையைப் பிடித்து, அதில் வைத்து மூடினார். "மீதி பொன்னு ஞானம்மா வூட்லயே இருக்கட்டும். எங்க வூட்ல கூட எது தங்கம், எது வெள்ளின்னு எனக்குத் தெரியல" என்று மைக்கில் சொன்னார். எனக்கு மறுபடியும் அழுகை வந்தது.

செப்டம்பர் எட்டாம் தேதி தேர் புறப்பட்டது. மாதாவின் தலையில் அதே அட்டைக் கிரீடம், கையிலிருந்த குழந்தையின் தலையில் தங்கம். கூட்டத்தில் ஆளாளுக்கு விரலை நீட்டிக்கொண்டு வந்தார்கள். கிரீடத்தில் முன்னால் தெரிகிற பூ எங்கள் வீட்டுச் சங்கிலி என்றாள் ஒருத்தி. இல்லை, அது என் கம்மல் என்றாள் இன்னொருத்தி. பொன்னியம்மாள் தன் தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து இதழ் இரண்டும் தன் ஜிமிக்கி என்று காட்டினாள். சவுரிமுத்து அண்ணன் கூசாமல், உச்சியில் இருக்கிற சிலுவை தன்னுடையது என்றார். அவர் விரலில் அந்த வெள்ளி மோதிரம்.

அரை அங்குலத்துக்குச் சண்டை போடுகிற நான், அன்றைக்கு ஒருத்தரையும் திருத்தவில்லை. தேர் எங்கள் தையல் கடையைத் தாண்டும்போது, பக்கத்தில் நின்ற பியூலா, "இதுல உன்னுது எது ஞானம்மா?" என்று கேட்டாள்.

"எல்லாம்" என்றேன்.