சமமாக வெட்டிய கால்கள்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் தங்கையின் கோபத்தில் பிறந்தது. என் கற்பனையில் பிறந்திருந்தால் இந்நேரம் முடிந்திருக்கும்.

முதலில் எழுதிய தொடக்கம்: ‘இருண்ட வானத்தில் ஒரு சிறு ஒளி தன் தனிமையைச் சுமந்துகொண்டு ஏறியது.’

படித்துவிட்டுக் கேட்டாள்: “ராக்கெட்டுக்கு எதுக்கு தனிமை? விளக்கு வைக்கிறது இருட்டுல எங்க விழுதுன்னு தெரியறதுக்கு. தேடி எடுக்கணும்ல?”

அந்த வரியை அடித்துவிட்டேன்.

2

தங்கை லிஃப்ட் பழுது பார்ப்பவள். பகலெல்லாம் ஊராரை மேலே ஏற்றி இறக்குவது போதாதென்று, அட்டைக் குழாயில் கை நீளத்துக்கு ஒரு ராக்கெட் செய்கிறாள். சனிக்கிழமை இருட்டியதும் மைதானத்தில் விட வேண்டுமாம். சாப்பாட்டு மேசை முழுக்கப் பசையும் ஒயரும். நான் எழுதுவதும் அதே மேசையில்தான்.

(மணமுறிவுக்குப் பிறகு என்னோடு இருக்கிறாள். இதை அடைப்புக்குறிக்குள் வைத்ததற்குக் காரணம் உண்டு. பொறுங்கள்.)

3

வியாழக்கிழமை உதவட்டுமா என்று கேட்டது என் தப்பு. அரிசி மணி அளவில் பன்னிரண்டு பல்புகளைக் கொடுத்து, “கவர்லேர்ந்து எடுத்து வரிசையா வை, போதும்” என்றாள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கம்பிக் கால்கள், ஒன்று சற்று நீளம். செய்தவர்களின் அசட்டை என்று நினைத்தேன். கத்தரிக்கோலால் பன்னிரண்டையும் சமமாக வெட்டி வைத்தேன். பார்க்க அழகாகவே இருந்தது.

“என்ன பண்ணி வச்சிருக்க?”

“ஒண்ணு துருத்திக்கிட்டு இருந்துச்சு. சமமா வெட்டினேன்.”

“நீளமா இருக்கறதுதான் பிளஸ், அக்கா. மாத்தி வச்சா எரியாது. இப்ப எது எதுன்னு நீயே சொல்லு.”

எல்லாம் ஒரே நீளம். ஒவ்வொன்றாகப் பொத்தான் பேட்டரியில் தொட்டு, எரிகிற பக்கம் பார்த்து, சிவப்பு மையால் குறியிட்டாள். ஏழாவது பல்பில் தலை நிமிராமல் சொன்னாள்: “உனக்கு இதே வேலையாப் போச்சு. என் கதையிலயும் இதைத்தான பண்ணின.”

(இதை உவமையாக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றுகிறதல்லவா? எனக்கும் தோன்றியது. முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். “உவமை கிவமைன்னு எழுதின, சால்டரிங் கம்பி சூடா இருக்கு, பாத்துக்கோ.”)

4

அடைப்புக்குறிக்குக் காரணம் இதுதான்: நான்கு வருடம் முன்பு அவளை வைத்து ஒரு கதை எழுதினேன். அதில் கணவன் விட்டுப் போகிறான். மனைவி கதவுக்குப் பின்னால் விடியும்வரை அழுகிறாள். பலர் தொலைபேசியில் அழைத்துப் பாராட்டினார்கள். அவள் வேலை செய்யும் இடத்தில் ஸ்டோர்கீப்பர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, இன்றுவரை நோயாளியிடம் பேசுவதுபோல் குரலைத் தாழ்த்தி அவளிடம் பேசுகிறார். ஸ்க்ரூ கேட்டால்கூட.

நடந்தது வேறு. விட்டு வந்தவள் அவள்தான். “அவர் நல்லவர்தான். என்னால முடியல.” அவள் சொன்ன காரணம் அவ்வளவே. நல்லவனை விட்டு வந்தவளுக்காக எந்த வாசகர் கண்கலங்குவார்? துருத்திக்கொண்டிருந்தது. வெட்டினேன்.

(அவள் பெயர் கெடக் கூடாதே என்று செய்ததாகப் பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். கதைக்காகத்தான் செய்தேன்.)

பன்னிரண்டாவது பல்பையும் குறித்துவிட்டுச் சொன்னாள்: “ராக்கெட்டைப் பத்தி என்ன வேணா எழுதிக்கோ. ஆனா அந்த ஒரு விஷயத்தைச் சரி பண்ணு. இல்லன்னா சொல்லிடு, நான் வேற வீடு பாத்துக்கறேன்.”

5

முடிவு அ: பன்னிரண்டும் எரிகின்றன. சகோதரிகள் கட்டிக்கொள்கிறார்கள்.
(ஓரத்தில் அவள் கையெழுத்து: ‘நாம எப்ப கட்டிக்கிட்டோம்?’)

முடிவு ஆ: பாதி வானில் விளக்கு அணைகிறது. ராக்கெட் தொலைகிறது. இருட்டில் அவள் அழு
(எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். பேனா நின்றுவிட்டது.)

முடிவு இ: எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

6

இன்று சனிக்கிழமை. கீழே வண்டியின் ஹாரன் இரண்டு முறை அடித்தாயிற்று. மூன்றாவதற்குப் பதிலாக அவளே மேலேறி வந்து, ராக்கெட்டை என் மடியில் வைக்கிறாள்.

“முடிச்சிட்டியா?”

“முடிவு வரல.”

“அது கிடக்கட்டும். நான் கேட்டது?”

அவள் வாசலில் செருப்பு மாட்டும் நேரத்துக்குள் எழுதுகிறேன். ராக்கெட் பறந்ததா, கிடைத்ததா என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நானும் இன்னும் பார்க்கவில்லை. உங்களிடம் வேறொரு முடிவு பாக்கியிருக்கிறது. அந்தப் பழைய கதை வீட்டில் எங்காவது கிடந்தால் எடுங்கள். ஸ்டோர்கீப்பர் ஐயா, நீங்களும்தான். கதவுக்குப் பின்னால் அழுகிறவளைப் பேனாவால் அடித்துவிட்டு, ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: அவள்தான் கிளம்பினாள். மதியம், கையில் டூல் பாக்ஸோடு. அழவில்லை.

காரணம் எழுத இடம் விடாதீர்கள்.