இருவர் எழுதிய ஒரே தப்பு

ரிவிஷன் தேர்வின் ஆங்கிலத் தாள்களைத் திருத்தும்போது ஆசிரியை தேவகிக்குச் சந்தேகம் தட்டியது. 'வகுப்பறை ஒரு சந்தை' என்ற வரியில் 'போல' என்று எதுவும் இல்லை, அது மெட்டஃபர், அதாவது உருவகம். சங்கரியும் சந்தியாவும் மட்டும் அதைச் சிமிலி, உவமை என்று எழுதி, காரணத்தையும் எழுத்து மாறாமல் ஒன்றுபோல எழுதியிருந்தார்கள். ஒருத்தி முதல் பெஞ்சு, வீடு பக்கத்திலேயே பிள்ளையார்பாளையத்தில். இன்னொருத்தி கடைசி பெஞ்சு, வாலாஜாபாத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். இருவருக்கும் அவ்வளவாகப் பேச்சுகூடக் கிடையாது. போனில் யாராவது விடை அனுப்பியிருப்பார்களோ?

மறுநாள் இருவரையும் தனியாகக் கூப்பிட்டாள்.

"உண்மையைச் சொல்லுங்கம்மா. யாரைப் பார்த்து யார் எழுதினது?"

சந்தியா அழ ஆரம்பித்துவிட்டாள். சங்கரி நோட்டைக் கொண்டுவந்து பிரித்தாள்.

"யாரையும் பாத்து எழுதல மிஸ். நீங்க போர்டுல எழுதினதுதான் இதுல இருக்குது. மத்தவங்க கைடு பாத்துப் படிச்சாங்க. நாங்க ரெண்டு பேருந்தான் உங்க நோட்ஸ படிச்சோம்."

அந்தப் பக்கத்தின் அடியில் தேவகியின் சிவப்பு மைக் கையெழுத்து இருந்தது.

"தப்பு என்னோடதும்மா," என்றாள்.

வகுப்பிலும் அதை எல்லார் முன்னாலும் சொன்னாள். சந்தியா மட்டும் தலை நிமிரவே இல்லை.