தொண்ணூற்றேழு கமெண்ட்

இரண்டு வாரமாக அத்தான் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கிறார். மழை நாளில், நிறுத்தத்தில் நின்றவர்களை ஏற்றாமல் பேருந்தை ஓட்டிக்கொண்டு போய்விட்டார் என்று யாரோ படத்தோடு ஒரு பதிவு போட்டார்கள். அதன் கீழே அறுநூற்று நாற்பது கமெண்ட். "ஊரே கொதிக்குது" என்று சொல்லி, பணிமனை அதிகாரி அவரை இடைநீக்கம் செய்துவிட்டார். வெள்ளிக்கிழமை விசாரணை. வேலை தங்குமா, போகுமா என்பது அன்று தெரிந்துவிடும்.

நான் பகலில் மருந்துக்கடையில் பில் போடுகிறேன். மாலையில் தரவுப் பகுப்பாய்வு வகுப்பு. சமூக ஊடகத்தில் ஒரு பேச்சை யார் கிளப்பிவிடுகிறார்கள் என்பதை எண்ணிக்கையை வைத்துக் கண்டுபிடிப்பதுதான் இந்த மாதப் பயிற்சி. அந்தப் பதிவையே எடுத்துக்கொண்டேன். எல்லாக் கமெண்டையும் அட்டவணையில் இறக்கி, எழுதியவர் வாரியாக, மணி வாரியாகப் பிரித்தேன். எதையும் படிக்கவில்லை. படித்தால் அத்தான் பக்கம் சாய்ந்துவிடுவேனோ என்று பயம்.

வியாழன் மாலை அட்டவணையை வீட்டில் அத்தான், அக்கா முன்னால் விரித்தேன்.

"ஊரெல்லாம் இல்ல அத்தான். மொத்தமே எண்பத்து மூணு பேர். அதுலயும் 'உண்மை விளம்பி'ன்னு ஒரு ஆள் மட்டும் தொண்ணூத்தேழு. அந்த ஆள் ஒண்ணு எழுதினா போதும், பின்னாடியே நாலஞ்சு பேர் வரிஞ்சு கட்டிக்கிட்டு வர்றாங்க."

"யாரும்மா அந்தப் புண்ணியவான்? அவனுக்கு நான் என்ன பாவம் பண்ணேன்?"

"தெரியல. போன செவ்வாய், புதன் மட்டும் ஆள் வாயே திறக்கல. அந்த ரெண்டு நாளும் மொத்தமே ஒன்பது கமெண்ட்தான்."

அத்தான் யோசித்தார். "செவ்வாய், புதன் பாப்பாவுக்குக் காய்ச்சல். நாம ஆஸ்பத்திரியில இருந்தோம்." பிறகு மெதுவாக அக்கா பக்கம் திரும்பினார்.

அக்கா துடைத்த தட்டையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பின்ன என்ன? கண்டவன் உங்களைக் கண்டபடி பேசுவான், நான் கையைக் கட்டிக்கிட்டு இருக்கணுமா?"

அப்போதுதான் படித்தேன். தொண்ணூற்றேழும் அத்தானுக்காக. 'பஸ்ஸை உன் தலையில நிறுத்தவா?' என்பதும் அதில் ஒன்று. அவள் பதில் சொல்லச் சொல்ல, அடங்கவேண்டிய பதிவு மேலே மேலே வந்திருக்கிறது. அல்லது அது மேலே வந்ததால் அவள் எழுதினாளா? இரண்டு நாள் தரவை வைத்து அடித்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

"நாளைக்கு விசாரணையில குடுக்கிற தாள்ல என் வரியை எடுத்துடு" என்றாள் அக்கா. "டிரைவர் பொண்டாட்டி சண்டைக்காரின்னு ஆபீஸ்ல சிரிப்பாங்க."

"எடுத்தா மிச்சம் ஐநூத்தி நாப்பத்து மூணும் ஜனங்களோட கோபமாத் தெரியும்க்கா."

"சிரிச்சா சிரிக்கட்டும். உள்ளதை உள்ளபடி குடு" என்றார் அத்தான்.

வெள்ளி மதியம் அவர் செருப்பைக் கழற்றும் முன்பே அக்கா கேட்டுவிட்டாள், "என்ன ஆச்சு?"

"அதிகாரி தாளைப் பார்த்தார். யாருய்யா இந்தத் தொண்ணூத்தேழுன்னார். என் வீட்டுக்காரி சார்னேன். சிரிப்பை அடக்கிக்கிட்டு, சரி, ஊர்ப்பேச்சை விடு, அன்னிக்கு நிறுத்துனியா இல்லையான்னார். நிறுத்தல சார், படியிலயே ஆறு பேர் தொங்கினாங்கன்னேன். கண்டக்டரைக் கூப்பிட்டு விசாரிச்சார், அவரும் அதையேதான் சொன்னார். ரெண்டு வாரமா யாரும் அவரைக் கேக்கவே இல்ல. திங்கக்கிழமை வேலைக்கு வரச் சொல்லிட்டார்."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு செல்போனை எடுத்தாள். "ஒரே ஒரு வரி. வேலை திரும்பக் கிடைச்சிடுச்சுன்னு மட்டும் போட்டுடட்டுமா?"

"வேண்டாம்!" என்றோம், நானும் அத்தானும் ஒன்றாக.