குளிர் அறையில் சோய்லா

எஸ்மெரால்டாஸ் மீன் சந்தையில் மீன் வாங்க வருபவர்களில் பாதிப்பேர் மீன் வெட்டி விற்கும் சோய்லாவின் பேச்சைக் கேட்கத்தான் வருவார்கள். "கண்ணு கலங்கின மீனையும் காரணமில்லாம கொஞ்சுற புருஷனையும் மோந்து பாத்துட்டு வீட்டுக்குள்ள விடுங்க" என்பாள். கத்தி பிடிக்கப் பழகும் பெண்களிடம், "கோபத்துல வெட்டாத. மீனுக்கு வலிக்காது, விரலுக்குத்தான் வலிக்கும்" என்பாள். சிரித்துவிட்டுப் போனாலும் அவள் சொன்னது மறக்காது.

அன்று காலை பத்து மணி இருக்கும். சூரை மீன் எடுக்கச் சந்தையின் குளிர் அறைக்குள் போனாள். உள்பக்கக் கைப்பிடி கழன்று மூன்று வாரம் ஆகியிருந்தது. கதவுக்கு முட்டுக் கொடுக்க வைத்திருந்த மீன்பெட்டியை எவனோ எடுத்துப் போயிருக்கிறான். அவள் குனிந்து நிமிர்வதற்குள் கதவு சாத்திக்கொண்டது.

கைப்பிடி இருந்த ஓட்டையில் வாயை வைத்துக் கத்தினாள். "திறங்கடா! நான் என்ன இறாலா, உறைய வச்சு கப்பல்ல ஏத்துறதுக்கு?"

வெளியே சிரிப்பு வெடித்தது. "சோய்லா அக்கா உள்ள போயும் கச்சேரிய ஆரம்பிச்சிருச்சு!" என்றான் சுமை தூக்கும் வில்ஃப்ரிதோ. உள்ளே அவளோடு யாரோ இருப்பதாக நினைத்துக்கொண்டான். வண்டிச் சக்கரம் கடகடவென்று தூரப் போனது.

"டேய், நெசமாத்தான்டா! என் பல்லு தாளம் போடுது, நீ ஆடாம போறியே!"

மறுபடியும் சிரிப்பு. சோய்லா ஓட்டையிலிருந்து முகத்தை எடுத்தாள். பயந்து கத்தினாலும் வேடிக்கையாகவே வந்து விழுகிறதே! இருபது வருடப் பழக்கம், வாய் வேறு பாதைக்குத் திரும்ப மறுத்தது.

ஈர ஏப்ரனைக் கழற்றி எறிந்தாள். கைகளை அக்குளில் செருகிக்கொண்டு பெட்டிகளுக்கு நடுவே நடந்தாள். உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டோம் என்று தெரிந்தது. கால்விரல்கள் மரத்துப்போயின. சுவர் இன்னும் பக்கத்தில் வந்துவிட்டது போலிருந்தது. செத்துக் கிடந்தால்கூட, பார்க்கிறவர்கள் முதலில் சிரித்துவிட்டுத்தான் தொட்டுப் பார்ப்பார்கள் என்று தோன்றியபோது அழுகை வந்தது.

திரும்பப் போய் ஓட்டையில் வாயை வைத்தாள்.

"எனக்குப் பயமா இருக்கு. திறங்க."

அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். எத்தனை தடவை என்று தெரியாது. தாழ்ப்பாள் கிறீச்சிட்டது. வெயிலோடு நின்றவள் எதிர்க்கடை நர்சிசா, நண்டு விற்பவள். பதினோரு வருடத்தில் சோய்லா சொன்ன எதற்கும் ஒருநாள்கூடச் சிரிக்காதவள்.

"வா வெளிய" என்று தோளைப் பிடித்து இழுத்து, தன் சால்வையைச் சுற்றிவிட்டாள்.

"உனக்கு மட்டும் எப்படிடி தெரிஞ்சுது?"

"உன் பேச்சுல சிரிக்க ஒண்ணுமில்ல. அதான் வந்தேன்."

சூடான மீன் சூப்பைக் கிண்ணத்தோடு கையில் பிடித்துக்கொண்டு சோய்லா வெயிலில் உட்கார்ந்தாள். கூட்டம் கூடிவிட்டது. வில்ஃப்ரிதோ முன்னால் வந்தான். முகத்தில் பாதி வெட்கம், பாதி ஆசை. "அக்கா, ஐஸ் ரூமைப் பத்தி ஒண்ணு சொல்லேன்."

"அந்தக் கைப்பிடிய மாட்டுங்க" என்றாள்.

இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சந்தை அலுவலகத்து வாசலில் போய் நின்றாள். பக்கத்தில் நர்சிசாவும் வந்து நின்றாள். கைப்பிடியை மாட்ட மெக்கானிக் வரும்வரை இருவரும் அங்கிருந்து நகரவே இல்லை.